ஆளி ஆளட்டும்

சென்ற கிழமை வகுப்பிலே மின்னியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மின்கலம், ஒரு மின்குமிழ், இரண்டிற்கும் இடையே ஓர் ஆளி எனக் கரும்பலகையிற் படம் வரைந்து முடித்தோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சுவிச்சுக்கு ஆளி என்று ஏன் பெயர் வைத்தார்கள்? அது எதை ஆளுகிறது?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அக்கேள்விக்குரிய விடையை நாம் எந்தப் புத்தகத்திலும் கற்றோமல்லோம். பண்ணைத் தாம்போதியிலே, இருபுறமும் கடல் சூழ்ந்த ஓர் இரவிலே கற்றோம்.

அக்கதையை அன்று மாணவருக்குச் சொன்னோம். இக்கிழமை எமது வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றோம். பழைய காரோ, மோட்டார் சைக்கிளோ, ஓட்டோவோ வீட்டில் வைத்திருப்போர் இதனைச் சற்றுக் கருத்தூன்றிப் படிப்பார்களாக. வாகனம் இல்லாதோரும் படிக்கலாம்; வாடகைக் காரில் ஏறாத குடும்பம் எமது நாட்டில் எங்கே இருக்கின்றது?

இருளில் ஒரு பயணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சோளகக் காலத்து இரவு. ஊர்காவற்றுறையிலே மாமியின் வீட்டில் தங்கியிருந்தோம். இரவு பத்து மணியளவில் மாமிக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவருக்கு வழமையாகச் சிகிச்சை நடப்பது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலே ஆதலின், அங்கேயே கொண்டுசெல்வதென வீட்டார் முடிவு செய்தனர். அயலிலே வயது முதிர்ந்த சாரதி ஒருவர் பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தார். கதவைத் தட்டியதும் அவர் மறுமொழி எதுவும் சொல்லாமற் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ஏறுங்கோ மாஸ்டர். ஒரு மணித்தியாலத்துக்குள்ள பெரியாஸ்பத்திரியில நிற்பம்" என்றார்.

கரம்பன், நாரந்தனை, வேலணை என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே சென்றன. மண்கும்பானைத் தாண்டும்போது முன்விளக்குகளின் ஒளி மஞ்சளித்திருப்பதைக் கண்டோம். அல்லைப்பிட்டி கழிந்து கார் தாம்போதியில் ஏறியதும் ஒளி இருமுறை துடித்தது. எரிந்த நாற்றம் ஒன்று மூக்கில் ஏறியது. மறுகணம் விளக்குகள் இரண்டும் அணைந்துவிட்டன.

முன்னே இருப்பது வீதியா நீரா என்று தெரியாத இருள். காற்றோ காரையே அசைக்கும் வேகத்தில் வீசுகின்றது. பின்னாசனத்தில் மாமியின் மூச்சொலி மட்டும் கேட்கின்றது. சாரதி காரை நிறுத்தி ஹோர்ணை அழுத்தினார்; அது உரக்க ஒலித்தது. பற்றறியில் வலு இருக்கின்றது என்பது அதனாற் புலப்பட்டது. அவர் கையை நீட்டி விளக்குச் சுவிச்சைத் தொட்டார். தொட்ட கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், சுவிச்சு கொதிக்குது. கை வைக்க ஏலாது" என்றார்.

சிறிது ஆறவிட்டுப் போட்டபோது விளக்கு எரிந்தது; ஒரு நிமிடம் சென்றதும் மீண்டும் அணைந்தது. இறுதியில் எம்மிடமிருந்த ரோச் லைற்றை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, நடைவேகத்திலே சென்றோம். எதிரே வந்த லொறி ஒன்று ரோச்சின் ஒளியைக் கண்டு ஒதுங்கியிராவிடில் இப்பகுதியை எழுத நாம் இருந்திருக்கமாட்டோம். சில நிமிடங்களிற் கடக்கவேண்டிய அத்தாம்போதியைக் கடக்க அரை மணித்தியாலத்திற்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் மாமியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம்.

கடவுள் கிருபையால் மாமி பிழைத்தார். நான்காம் நாள் வீடு திரும்பினார். ஆயினும், அன்றிரவு நடந்ததை எண்ணிப் பார்க்கையில் எமக்கு ஒன்று விளங்கவில்லை. பற்றறி நன்றாயிருந்தது, மின்குமிழ்கள் நன்றாயிருந்தன, இயந்திரம் சிங்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அளவான ஒரு சுவிச்சு ஏன் எங்கள் எல்லோருடைய உயிரையும் அந்தரத்தில் நிறுத்தியது?

பழுது எங்கே?

யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய ஆங்கிலக் கார்கள்மீதுள்ள பற்றினை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு வெளிவந்து 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40 வகைகளும் எம்மவரின் திருமணங்களையும் மரணங்களையும் சுமந்தவை. 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோது, சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடி ஊரைக் காத்தவையும் அவைதாம். அவற்றின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத்தக்க கைகள் எங்கள் கராஜ்களிலே நிறைய உண்டு.

ஆயின், இயந்திரத்தைப் பேணியவர்கள் வயர்களைப் பேணினார்களா? இல்லை. வெளியே புதிய வர்ணம் பளபளக்கும். உள்ளே ஐம்பது அறுபது ஆண்டுப் பழைமை வாய்ந்த வயர் ஓடும். அதன் உறையைச் சிறிது உரித்துப் பார்த்தாற் செம்பு பச்சைக் களிம்பேறிக் கிடக்கும். தீவுப்பகுதி வாகனங்களுக்கு இத்துன்பம் இருமடங்கு. சோளகம் வீசும் மாதங்களில் உப்புக் காற்று எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும்; பித்தளை முனைகளை அரித்துவிடும்.

அக்கால ஆங்கிலக் கார்கள் பலவற்றின் மின்சாதனங்களைச் செய்தது லூக்காஸ் என்னும் நிறுவனம். அந்நிறுவனத்தை உருவாக்கியவரை 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேயரே பகிடி பண்ணுவதுண்டு. அப்பகிடி முழுவதும் நியாயமானதன்று என்பது எமது எண்ணம். அரை நூற்றாண்டுக்கு மேலாக உப்புக் காற்றில் உழைத்த சுவிச்சைக் குறைகூறுமுன், அதன் தலையில் நாம் எவ்வளவு பாரத்தை ஏற்றினோம் என்று பார்க்கவேண்டாமா?

கணக்குப் பார்ப்போம்

1950களில் வெளிவந்த ஆங்கிலக் கார்கள் பலவற்றின் முன்விளக்கு மின்குமிழ் உயர்ந்த ஒளியில் 42 வாற்று அளவினது. இரண்டும் சேர்ந்து 84 வாற்று. பற்றறி 12 வோல்ற்று. 84ஐ 12ஆற் பிரித்தால் 7 அம்பியர். சுவிச்சைச் செய்தவன் இந்தச் சுமையை எண்ணியே செய்தான். இன்று அப்பழைய மின்குமிழ்கள் எளிதிற் கிடைப்பதில்லை. ஆதலால் 60 வாற்று மின்குமிழ்களைப் பொருத்துகிறார்கள். இரண்டிற்கும் 120 வாற்று; ஓட்டம் 10 அம்பியர். கடைகளில் விற்கும் 100 வாற்று மின்குமிழ்களை வாங்கிப் பூட்டினாலோ ஏறத்தாழ 17 அம்பியர்!

இந்த ஓட்டம் முழுவதும் பற்றறியிலிருந்து புறப்பட்டு, சாரதியின் முன்னுள்ள சுவிச்சுக்கு வந்து, பின் காலால் மிதிக்கும் டிம் சுவிச்சினூடாகச் சென்று, மீண்டும் முன்புறம் ஓடி விளக்கை அடைகின்றது. வழி நெடிது, வயர் மெலிது, முனைகள் பழையன. இவ்வழியின் தடை எல்லாம் சேர்ந்து 0.12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய தொகை எனத் தோன்றும். ஆனால், 10 அம்பியர் ஓடும்போது 1.2 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். பத்திலொரு பங்குதானே என்று அமைதி கொள்ளற்க. இழைவிளக்கின் இயல்பு விபரீதமானது. வோல்ற்றளவு 10 வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். மண்கும்பானில் நாம் கண்ட மஞ்சள் ஒளியின் இரகசியம் இதுவே.

இனிச் சுவிச்சைப் பார்ப்போம். அதன் தேய்ந்த முனைகளின் தடை 0.05 ஓம் என்க. பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது யூலின் விதி. 10ஐப் பத்தாற் பெருக்கி, அதனை 0.05ஆற் பெருக்கினால் 5 வாற்று வரும். மிளகளவான ஒரு முனையிலே 5 வாற்று வெப்பம் இடைவிடாது பிறந்தால் அது சுடாமல் என்ன செய்யும்? சூட்டினால் முனை கறுக்கும். கறுத்தால் தடை கூடும். தடை கூடினால் மேலும் சுடும். இவ்வாறு சுவிச்சு தன்னைத்தானே எரித்துக்கொள்கின்றது. பல பழைய கார்களிலே முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே கிடையாது. ஆதலால், எரிவது சுவிச்சோடு நில்லாமற் காரையும் பற்றக்கூடும்.

றிலே என்னும் துணைவன்

பிழை கண்ட சாரதி சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமையே காரைத் தமக்குப் பழக்கமான கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றார். நாமும் உடன் சென்றோம். மின்வேலை செய்யும் இளைஞர், தீப்பெட்டியிலும் சிறிய கறுத்தப் பெட்டிகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "அண்ணை, புதுச் சுவிச்சு போட்டாலும் அது இன்னும் ரெண்டு வரியத்தில எரியும். சுமையை இறக்கி விடுவம்" என்றார். அப்பெட்டிகளே றிலே எனப்படுவன.

றிலேயின் உள்ளே ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் ஏறத்தாழ 0.2 அம்பியர் ஓட்டம் பாய்ந்தாற் போதும். அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டிக்' என்னும் ஓசையுடன் தடித்த முனைகள் இரண்டு ஒன்றையொன்று தொடும். பெரிய ஓட்டம் அம்முனைகளின் வழியே செல்லும். சுவிச்சு செய்யவேண்டியது சுருளுக்கு அந்தச் சிறு ஓட்டத்தை விடுவது ஒன்றே.

இது புதிதாகக் கண்டுபிடித்த விந்தையன்று. அமெரிக்க அறிஞர் யோசெப் ஹென்றி 1835ஆம் ஆண்டளவிலேயே ஒரு சிறு மின்னோட்டத்தாற் பெரிய மின்சுற்று ஒன்றை இயக்கிக் காட்டினார். தந்திக் கம்பிகளில் நெடுந்தூரம் சென்று மெலிந்துபோகும் செய்தியைப் புதிய பற்றறியின் வலுவோடு மேலே அனுப்ப அம்முறை உதவியது. முற்காலத்தில் நெடும்பயணத்திலே களைத்த குதிரையை விட்டுப் புதிய குதிரையை மாற்றிக்கொள்வார்கள். அவ்வழக்கிலிருந்தே றிலே என்னும் பெயர் வந்தது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டமும் அதுவே. முதலில் ஓடுபவன் தன் கால்களை அடுத்தவனுக்குக் கொடுப்பதில்லை. கோலை மட்டும் கொடுக்கின்றான். அடுத்தவன் தன் சொந்த வலுவில் ஓடுகின்றான்.

கணக்கை மீண்டும் பார்ப்போம். முன்விளக்குக்காகச் சுவிச்சினூடாகச் சென்ற ஓட்டம் 10 அம்பியர், இப்போது 0.2 அம்பியர். ஐம்பதில் ஒரு பங்கு. வெப்பமோ வர்க்கத்தின்படி 2500இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பக்க விளக்குகளின் சிறு ஓட்டம் வழமைபோற் செல்லும். அதைச் சுவிச்சு எளிதிற் தாங்கும்.

செய்யும் முறை

இளைஞர் செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தோம். முதலிற் பற்றறியின் இணைப்பைக் கழற்றினார். இதனை மறப்பவர் பின்னர் வருந்துவர். தாழ்ந்த ஒளிக்கு ஒன்று, உயர்ந்த ஒளிக்கு ஒன்று என இரண்டு றிலேக்களையும் விளக்குகளுக்கு அண்மையிற் பொருத்தினார். றிலேயின் அடியிலே எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற முனைக்குப் பற்றறியிலிருந்து தடித்த வயர். 87இலிருந்து விளக்குகளுக்குத் தடித்த வயர். டிம் சுவிச்சிலிருந்து முன்பு விளக்குக்குச் சென்ற பழைய வயர் இப்போது 86இல் வந்து முடிகின்றது. 85 காரின் உடலோடு சேர்கின்றது. வேலை இவ்வளவே.

தடித்த வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. ஒவ்வொரு றிலேக்கும் தனித்தனியே 15 அம்பியர் உருகி வேண்டும். அதுவும் பற்றறிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். உருகி ஏன் இரண்டு? ஒன்று உருகினாலும் மற்ற ஒளியைக் கொண்டு வீடு போய்ச் சேரலாம். தாம்போதியில் இருளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். விளக்குகளிலிருந்து உடலுக்குச் செல்லும் இணைப்பையும் துருவைச் சுரண்டிப் புதிதாக்கினார். றிலேக்களின் முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டி, உப்புக் காற்று அண்டாதபடி வசலின் பூசினார்.

சில பழைய ஆங்கிலக் கார்களிலே பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். சாதாரண றிலேக்கு அது ஒரு பொருட்டன்று. உள்ளே டயோட்டு வைத்த றிலேயாயின் திசையைக் கவனித்தே இணைக்கவேண்டும்.

அன்று மாலை விளக்கைப் போட்டார்கள். மஞ்சள் ஒளி போய், எதிர்மதில் வெண்மையாயிற்று. சாரதி சுவிச்சின்மேல் விரலை வைத்துக் கால்மணி நேரம் எடுக்கவேயில்லை. "பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்குது" என்று சிரித்தார்.

ஒரு மறுப்பும் சில எச்சரிக்கைகளும்

இக்கதையைக் கேட்ட மாணவி ஒருத்தி, "சேர், புதிதாக இரண்டு பெட்டிகளைச் சேர்த்தாற் பழுதாவதற்குப் புதிதாக இரண்டு இடங்கள் உண்டாகாதோ?" என்றாள். நல்ல கேள்வி. றிலேயும் ஒருநாட் பழுதாகும்; மறுப்பதற்கில்லை. ஆயின், அது எந்த மோட்டார்ச் சாமான் கடையிலும் கிடைக்கும். ஒரு நிமிடத்திற் கழற்றி மாற்றலாம். மேலதிகமாக ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கலாம். உற்பத்தி நின்று ஐம்பது ஆண்டு கடந்த காரின் சுவிச்சைத் தேடி அலைவதோ வேறு கதை. எளிதில் மாற்றக்கூடியது பழுதாவதே மேல்.

றிலே வந்துவிட்டது என்பதற்காக 100 வாற்று மின்குமிழைப் பூட்டிவிடலாகாது. எதிரே வருபவனின் கண்ணைக் குருடாக்கும் ஒளி எமக்கும் காவலாகாது. மேலும், றிலே மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. மொறிஸ் மைனர் 1000 காரின் தைனமோ உச்சமாகத் தருவதே 22 அம்பியர் அளவுதான். கார் நின்று உறுமும்போது அதுவும் கிடையாது. வரவறிந்து செலவு செய்தல் குடும்பத்திற்கு மட்டும் உரிய விதியன்று.

எல்ஈடி மின்குமிழ்கள் குறைந்த ஓட்டத்தில் எரிகின்றன என்பது உண்மை. ஆயினும், இழைவிளக்குக்கெனச் செய்த கண்ணாடியில் அவற்றைப் பூட்டினால் ஒளி ஒழுங்காக வீதியில் விழாமற் சிதறுவதுண்டு, பார்த்தே வாங்குக. கணினி பொருத்திய புதிய வாகனங்களின் வயரை வெட்டுதல் கூடவே கூடாது. அவற்றுக்கு வேண்டிய ஏற்பாட்டை உற்பத்தியாளரே செய்திருப்பர்.

ஓர் எளிய சோதனையும் சொல்லிவைப்போம். முன்விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் சென்றபின் சுவிச்சைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாயின் கவனம் தேவை. கை வைக்க முடியாவிடின் அன்றிரவு அவ்வாகனத்தை வெளியே எடுக்காதீர்கள்.

ஆள்வதும் சுமப்பதும்

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஆள்வது ஆளி. விளக்கு எரிக என்றும், அணைக என்றும் ஆணையிடுவதே அதன் தொழில். விளக்கின் சுமை முழுவதையும் தன் முதுகிலே தாங்குவது அதன் தொழிலன்று. ஆணையிடுபவனிடமே பாரத்தையும் ஏற்றினால், பாரமும் விழும்; ஆணையும் ஒழியும்; அதனை நம்பியிருந்தவர் எல்லோரும் இருளில் நிற்பர்.

இதனை எழுதும்போது மாமியின் நினைவு வருகின்றது. அவ்வீட்டில் எது நடப்பதாயினும் அவர் சொல்லின்படியே நடக்கும். அடுப்பும் அவரே, கிணற்றடியும் அவரே, பேரப்பிள்ளைகளின் பாடமும் அவரே, இரவு கடைசியாகப் படலையைச் சாத்துபவரும் அவரே. வீட்டார் அவரை மதித்தார்கள். சுமையை மட்டும் எவரும் வாங்கவில்லை. அவரது ஒளி மஞ்சளித்துவந்ததை, அவருடைய உப்பைத் தின்ற நாம் உட்பட, ஒருவரும் கவனித்தோமில்லை. பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் மருந்துகளைக் குறித்துக்கொடுத்தபின், "இனிப் பாரமான வேலை ஒன்றும் செய்யவிடாதீர்கள்" என்றார். அப்போதுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

இப்போது மருமகள் சமையலைப் பார்க்கின்றாள். மகன் தண்ணீர் அள்ளுகின்றான். பேரன் படலையைச் சாத்துகின்றான். மாமி விறாந்தையிலே சாய்வு நாற்காலியில் இருக்கின்றார். பொழுது படும் வேளையில் அவர் சொல்லும் சொல் ஒன்றே: "பிள்ளை, விளக்கை ஏற்று."

வீடு முழுவதும் வெளிச்சமாகின்றது.